கறுத்துப்போன நகமும் ட்ரவுட் ஆற்று பூட்ஸும்: புதியவர்களுக்கு

நியூசிலாந்துக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே, ட்ரவுட் பிடிக்கிறேன் பேர்வழி என்று டோங்காரிரோ ஆற்றில் இறங்கினேன். இரண்டு நாள் நின்றும் மீன் ஒன்றும் மாட்டவில்லை. வலது கால் பெருவிரல் நகம் கறுத்துப்போனதுதான் மிச்சம். ஒரு மாதத்தில் அது கழன்றே விழுந்தது. தூண்டில் கோலுக்காக இரண்டு வாரம் அலைந்தவன், ரீலுக்கு நாலு பேரிடம் யோசனை கேட்டவன், பூட்ஸை மட்டும் "நம்ம அளவு நமக்குத் தெரியாதா" என்று இணையத்தில் படம் பார்த்து வாங்கியிருந்தேன்.

ஆற்றில் நிற்கிற ஆறேழு மணி நேரமும் பாதம் அதற்குள்தான் கிடக்கப்போகிறது. காலை எட்டு மணிக்கு லேசாக உறுத்துவது மதியத்துக்குள் நடக்கவே விடாது. ஆக்லாந்திலோ ஹாமில்டனிலோ குடியேறி, இப்போதுதான் மீன்பிடி உரிமம் எடுத்து, கடையில் பூட்ஸ் அடுக்கின் முன் முழித்துக்கொண்டு நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேறு நாட்டில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும், பூட்ஸ் அடியில் வைக்கும் ஃபெல்ட் துணி பற்றிச் சொல்லும் இடம் தவிர.

முதலில் வேடர்ஸ், பிறகுதான் பூட்ஸ்

வேடர் என்றால் நமக்குக் கண்ணப்பர் நினைவுக்கு வருவார், அவருடைய செருப்புக் காலும். இங்கே வேடர்ஸ் என்பது மார்பு வரை ஏறும், தண்ணீர் புகாத கால்சட்டை. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ரப்பர் பூட்ஸ் அடியிலேயே ஒட்டி வரும். மாட்டுவது சுலபம், ஏரிக்கரைக்கு நல்லது. ஆனால் கணுக்காலை இறுக்கிப் பிடிக்காது, பாறை ஆற்றில் கால் உள்ளேயே புரளும். இன்னொன்றில் பாதப்பகுதி 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள நியோப்ரீன் சாக்ஸாக முடியும். அதன்மேல் தனியாக பூட்ஸ் போட வேண்டும். ஓடும் ஆற்றுக்கு இரண்டாவதுதான். இனி சொல்வதெல்லாம் அதற்கான பூட்ஸ்.

ஆகவே வேடர்ஸை முதலில் வாங்குங்கள். அதைக் கையோடு கொண்டுபோய்தான் பூட்ஸ் பார்க்க வேண்டும். அந்த நியோப்ரீன் சாக்ஸ் போட்ட பிறகு உங்கள் கால் வேறு கால். என் முதல் தப்பு அங்கேதான். அலுவலக ஷூ அளவை நம்பினேன்.

கோடையில் பலர் வேடர்ஸே போடுவதில்லை. அரைக்கால் சட்டை, அதனடியில் காலோடு ஒட்டிய லெக்கிங்ஸ், பூட்ஸ், அவ்வளவுதான். லெக்கிங்ஸ் குளிருக்கு அல்ல, மணல் ஈ கடிக்காமல் இருக்க. அப்படி இறங்க நினைத்தால் தனியாக ஒரு ஜோடி நியோப்ரீன் சாக்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வேடர்ஸுக்கென்று எடுத்த பூட்ஸ் வெறுங்காலில் தொளதொளவென்று ஆடும்.

எந்த ஆற்றில் இறங்கப்போகிறீர்கள்?

கடைக்காரர் கேட்பதற்கு முன் இதை நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். டௌப்போ ஏரியிலிருந்து ரெயின்போ ட்ரவுட் முட்டையிட ஆறேறி வரும் குளிர்காலத்தில், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, பாதி ஆக்லாந்து துராங்கி ஊரில்தான் நிற்கும். அங்கே ஓடும் டோங்காரிரோவின் அடியில் எரிமலைக் கற்கள், தேங்காய் அளவிலிருந்து ஆட்டுக்கல் அளவு வரை, உருண்டை உருண்டையாகக் கிடக்கும். தட்டையான இடமே கிடையாது. அங்கே கணுக்காலுக்கு மேல் ஏறி இறுக்கிப் பிடிக்கும் கெட்டியான பூட்ஸ் வேண்டும். அதே டௌப்போவில் ஆறுகள் ஏரியில் கலக்கும் முகத்துவாரங்களில் நின்று வீசுவதானால் காலடியில் நுரைக்கல் மணல். எந்த பூட்ஸும் போதும்.

தென் தீவில் கோர் ஊரைச் சுற்றி ஓடும் மடாவுரா, பழுப்பு ட்ரவுட்டுக்குப் பேர்போன ஆறு. பெரும்பாலும் சரளைக்கல் படுகை, நிற்க வசதி. ஆனால் மலைக்குள்ளே ஓடும் சிற்றாறுகளுக்குப் போகிறவர்கள் மீனைத் தேடி ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடப்பார்கள். அங்கே பூட்ஸ் எடைதான் முதல் கேள்வி. கடையில் தூக்கிப் பார்க்கும்போது ஒரு ஜோடி ஒன்றேகால் கிலோவோ ஒன்றேமுக்கால் கிலோவோ, பெரிய வித்தியாசம் தெரியாது. நனைந்த பிறகு, அதுவும் ஐந்தாவது மணி நேரத்தில் தெரியும். பக்கவாட்டில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்கின்றனவா, உள்ளே பஞ்சு நிறைய அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சு குடிக்கும் தண்ணீர் எல்லாம் நீங்கள் சுமக்கப்போகும் எடை.

அடிப்பாகம்: ஃபெல்ட் கிடையாது

நான் வளர்ந்தது தாமிரபரணிக் கரையில். படித்துறைப் பாசி எங்கே வழுக்கும் என்று காலுக்கே தெரியும். விரல்களை விரித்துக் கல்லை ஒரு கவ்வு கவ்வி நின்றுவிடுவோம். பூட்ஸ் போட்டால் அந்த விரல் வேலை போச்சு. அதை அடிப்பாகம்தான் செய்ய வேண்டும்.

பல காலமாக உலகம் முழுக்க இதற்குப் பயன்பட்டது ஃபெல்ட், அதாவது அழுத்திச் செய்த தடித்த கம்பளித் துணி போன்ற ஒன்று. அதன் இழைகள் பாசிப் படலத்துக்குள் புகுந்து கல்லைத் தொட்டுவிடும், அதனால் வழுக்காது. இழைகளுக்கு நடுவே தண்ணீரும் சேறும் நாள் கணக்கில் தங்குவதுதான் சிக்கல். 2004-ல் தென் தீவின் கீழ் வையாவு ஆற்றில் டிடிமோ என்ற ஒற்றைச் செல் பாசியைக் கண்டுபிடித்தார்கள். நுண்ணோக்கி வைத்தால்தான் தெரியும் உயிர். ஆனால் பெருகிவிட்டால் ஆற்றுக் கற்களையெல்லாம் நனைந்த பழுப்புக் கம்பளி போல மூடிவிடும். ட்ரவுட் தின்னும் பூச்சிகள் வாழும் இடமே அதற்கடியில் போய்விடுகிறது. 2005 டிசம்பரில் தென் தீவு முழுவதையும் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்தார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், அடுத்த ஆற்றுக்குப் பரவிவிட. 2008-லிருந்து ட்ரவுட் பிடிப்பவர்கள் ஃபெல்ட் அடிப்பாகம் போடக்கூடாது என்பது இங்கே விதி. அமெரிக்காவிலும் அலாஸ்கா 2012-ல், யெல்லோஸ்டோன் பூங்கா 2018-ல் தடை செய்தன.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினர் யாராவது "நல்ல பூட்ஸ், பாதி விலைக்குக் கிடைத்தது" என்று ஃபெல்ட் வைத்ததை வாங்கி வருவார்கள். இணையத்திலும் மலிவாக விற்பது அதுதான். வாங்கிவிட்டு மாடத்தில் வைத்து அழகு பார்க்கலாம்.

ஆக, நமக்கு ரப்பர். வெறும் ரப்பர் காய்ந்த பாதையில், சேற்றில், புல் மேட்டில் நன்றாக நடக்கும். பாசி பிடித்த கல்லில் கொஞ்சம் ஏமாற்றும். அதற்குத்தான் ஸ்டட் என்கிற சிறு திருகாணிகள். டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்தவை கல்லைக் கீறிப் பிடிக்கும், நாள்பட உழைக்கும். அலுமினியப் பட்டை வைத்த பூட்ஸும் வருகிறது. உலோகம் மென்மையானது என்பதால் கல்லில் அழுந்திப் பிடிக்கும், அதனாலேயே சீக்கிரம் தேயும். கொர்க்கர்ஸ் என்ற நிறுவனத்தின் பூட்ஸில் அடிப்பாகத்தையே கழற்றி வேறு மாட்டலாம். ஒரே பூட்ஸோடு பல இடம் போகிறவர்களுக்குச் சௌகரியம்.

புதியவர்களுக்கு என் யோசனை: ரப்பர் மட்டும் உள்ளதை வாங்கி, இரண்டு மூன்று முறை ஆற்றில் இறங்கிப் பாருங்கள். வழுக்குகிறது என்றால் ஸ்டட் வாங்கி நீங்களே முடுக்கலாம். டோங்காரிரோவுக்கு எப்படியும் தேவைப்படும். ஒரு பூட்ஸுக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். அடிப்பாகத்தின் விளிம்போரமாகவும் குதிகால் ஓரத்திலும் வையுங்கள், நட்டநடுவில் வேண்டாம். ரப்பர் கட்டி தடிமனாக இருக்கும் இடத்தில்தான் திருக வேண்டும். திருகின் நீளத்தை முதலில் அந்தக் கட்டியோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். நீளம் கூடினால் முனை உள்ளே வந்து வேடர்ஸைக் கிழிக்கும். முடுக்கி முடித்ததும் உள்ளே கையை விட்டு, உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிடுங்கள். நான் சமையலறை மேசை மேல் வைத்து முடுக்கினேன். மேசையில் விழுந்த கீறல்கள் இன்றும் வீட்டில் பேச்சு.

ஸ்டட் போட்ட பூட்ஸோடு கார் ஓட்டாதீர்கள், பெடலில் சறுக்கும். காற்றடைத்த படகிலும் ஏறாதீர்கள். இன்னொன்று, கண்ணாடி போலத் தெளிந்த சிற்றாற்றில் பழுப்பு ட்ரவுட்டை நெருங்கும்போது ஸ்டட் கல்லில் உரசும் அதிர்வு மீனுக்குப் போய்விடும். அங்கே பாறையைத் தவிர்த்துச் சரளையில் மெதுவாகக் கால் வைக்க வேண்டும்.

கடையில்: இங்கேதான் அவசரம் கூடாது

என் நகம் கறுத்த அந்த மாலையில், கரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆனவர்.

"தம்பி, சப்பாத்து விரலில முட்டுதே?"

"ஆமாண்ணே. வீட்ல போட்டுப் பாத்தப்ப சரியாத்தான் இருந்துச்சு."

"சமதரையில நிண்டு பாத்தால் எல்லாச் சப்பாத்தும் அளவாத்தான் இருக்கும். இறக்கத்தில நடந்து பாத்தனீரே?"

பார்க்கவில்லை. ஆற்றுக்கு இறங்கும் பாதை முழுக்க இறக்கம்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் சொன்னதும், பிறகு நானே பட்டுக் கற்றதும் இவை. மாலையில் கடைக்குப் போங்கள். நாள் முழுக்க நடந்த பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஆற்றிலும் அப்படித்தான் இருக்கும். வேடர்ஸையும், குளிர்காலத்தில் அதற்குள் போடும் தடித்த கம்பளி சாக்ஸையும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் ஒன்றும் நினைக்க மாட்டார். வேடர்ஸோடு கடைக்குள் நடப்பது இங்கே சகஜம்.

அளவு எண்ணில் ஒரு குழப்பம் உண்டு. ஊரில் நாம் 8 என்று வாங்கிய ஷூ பிரிட்டிஷ் கணக்கு. இந்த பூட்ஸ்களில் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்குப் போட்டிருக்கும். ஆண்களுக்கு அது கிட்டத்தட்ட 9. அதற்கு மேல், சில நிறுவனங்கள் நியோப்ரீனுக்கான இடத்தை ஏற்கெனவே விட்டுத் தைக்கின்றன, சில "ஓர் அளவு கூட்டி வாங்கு" என்கின்றன. அரை அளவுகள் பல நிறுவனங்களில் கிடையாது. அதனால் எண்ணை நம்பாமல் காலை நம்புங்கள்.

லேஸைக் கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளுங்கள், விரல் நுனி லேசாக முட்டட்டும். இப்போது குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் சிறிது, இரண்டு விரல் தாராளமாகப் போனால் பெரிது. பிறகு குதிகாலைப் பின்னால் நன்றாகப் பதித்து லேஸைக் கட்டி நடங்கள். குதிகால் துளி எழும்பினால் பரவாயில்லை, ஒவ்வொரு அடிக்கும் வழுக்கி ஏறினால் கொப்புளம் நிச்சயம். அடுத்ததுதான் அண்ணன் சொன்ன சோதனை. கடையில் சாய்வுப் பலகை இருந்தால் அதில் கீழ்நோக்கி நில்லுங்கள். இல்லையென்றால் படிக்கட்டு விளிம்பில் இறங்குமுகமாக நின்று, பூட்ஸின் முனையைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். விரல் முன்னால் போய் இடித்தால் அந்த ஜோடி வேண்டவே வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி இருந்தாலும்.

நீளத்தை விட நம்மில் பலருக்கு அகலம்தான் பிரச்சினை. செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிந்து இருக்கும். என் பாதம் அப்படித்தான், சுண்டுவிரல் தனியாகக் குடித்தனம் நடத்துகிறது. குறுகலான பூட்ஸை நீளம் கூட்டி வாங்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அகலம் கிடைக்கும், ஆனால் பூட்ஸ் மடிய வேண்டிய இடம் உங்கள் விரல் மடியும் இடத்துக்கு முன்னால் போய்விடும். குதிகாலும் ஆடும். முன்பக்கம் அகலமாகத் தைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள். உள்ளே விரல்களைப் பியானோ வாசிப்பது போல அசைக்க முடிய வேண்டும்.

"இறுக்கமாக இருந்தால்தானே கதகதப்பு" என்று என்னிடம் ஒருவர் சொன்னார். நேர்மாறு. நியோப்ரீன் சூடு காப்பது அதற்குள் அடைபட்ட சின்னச் சின்ன வாயுக் குமிழ்களால். பூட்ஸ் நசுக்கினால் குமிழ்கள் அமுங்கி அந்தக் காப்புப் போய்விடும். ரத்த ஓட்டமும் குறையும். ஜூலை மாதத் தண்ணீரில் அரை மணி நேரத்தில் பாதம் கட்டையாகிவிடும். பாதம் மரத்துப்போனவருக்குக் கல் எங்கே இருக்கிறது என்று தெரியாது, விழுவார். இதே காரணத்தால் இரண்டு மூன்று சாக்ஸ் திணிப்பதும் வேண்டாம், நல்ல கம்பளி ஒன்று போதும்.

மற்றவை சுருக்கமாக

தோல் பூட்ஸ் பார்க்க அழகு. தண்ணீர் குடிக்கும், காய்ந்தால் விறைத்துச் சுருங்கும். செயற்கை இழை வாங்குங்கள். லேஸ் வேண்டுமா, திருகிக் கம்பியை இறுக்கும் போவா முறை வேண்டுமா என்றால், போவா வேகம், விறைத்த விரலாலும் திருகலாம். மணல் புகுந்தால் அடம்பிடிக்கும். கம்பி அறுந்தால் ஆற்றங்கரையில் ஒன்றும் செய்ய முடியாது. நான் லேஸ் கட்சி, பையில் ஒரு மாற்று லேஸ் எப்போதும் உண்டு. வேடர்ஸின் கணுக்காலில் ஒரு மடிப்புத் துணியும் கொக்கியும் தொங்கும். அந்தக் கொக்கியை பூட்ஸின் கீழ் லேஸில் மாட்ட வேண்டும். மாட்டாமல் விட்டால் சரளை உள்ளே புகுந்து நியோப்ரீனை அரைத்து ஓட்டை போடும்.

விலை, நான் பார்த்தவரை, 200 டாலரிலிருந்து 500 வரை. பழையது வாங்குவதானால் அடிப்பாகத்தை இரண்டு கையாலும் மடக்கிப் பாருங்கள், ஒட்டு விட்டிருந்தால் வாய் பிளக்கும். பெட்டி பிரிக்காமலே பல வருஷம் கிடந்தது என்பது சிறப்பல்ல. நடு அடுக்கு பாலியூரித்தேனாக இருந்தால் காற்றின் ஈரத்திலேயே சிதைந்து, நாலு அடியில் ரொட்டித்தூள் போல உதிரும். ஒரே ஒரு தடவை முயன்று பார்க்கத்தான் ஆசை என்றால் வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள்.

முதல் நாள் ஆற்றில்

புது பூட்ஸை நேராக ஆற்றுக்குக் கொண்டுபோகாதீர்கள். குளியல் தொட்டியில் நனைத்து, வேடர்ஸோடு மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு மணி நேரம் நடங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால் பார்க்கட்டும். ஸ்டட் இருந்தால் புல்தரையில் மட்டும்.

ஆற்றில் இறங்கிப் பத்து நிமிடத்தில் கரையேறி லேஸை மறுபடி கட்டுங்கள். நனைந்ததும் துணி தளரும், தண்ணீர் அழுத்தத்தில் நியோப்ரீனும் ஒடுங்கும், காலையில் போட்ட முடிச்சு அதற்குள் தளர்ந்திருக்கும். இதைச் செய்யாமல் "பூட்ஸ் பெரிசாப் போச்சு" என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல், அடியைத் தடவியபடி நகர்த்துங்கள். ஒரு கால் ஊன்றிய பிறகே மறு கால். நீரோட்டத்துக்குப் பக்கவாட்டாக நில்லுங்கள். இடுப்பில் வேடர்ஸ் பெல்ட் கட்டாமல் இறங்கவே கூடாது, விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறைவதைத் தடுப்பது அதுதான். கையில் ஒரு ஊன்றுகோல் இருப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. டோங்காரிரோவில் இளவட்டங்களே வைத்திருக்கிறார்கள்.

கழுவுவது

ஃபெல்ட் இல்லையென்றாலும் டிடிமோ லேஸிலும், அதனடியில் இருக்கும் பூட்ஸ் நாக்கின் மடிப்பிலும் ஒட்டிக்கொண்டு வரும். ஓர் ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் ஒட்டிய செடி, சேறு எல்லாவற்றையும் அங்கேயே தட்டி எடுங்கள். 60 டிகிரிக்குக் குறையாத சுடுநீரில் ஒரு நிமிடமாவது முக்குங்கள். பஞ்சு அடைத்த பாகம் முழுக்கச் சூடேற இன்னும் நேரம் பிடிக்கும். பிறகு உள்ளும் புறமும் தொட்டால் ஈரமில்லாதபடி காய வேண்டும். அப்படிக் காய்ந்த பிறகு மேலும் 48 மணி நேரம் கழித்தே அடுத்த ஆறு. ஹீட்டர் முன்னால் வைத்தால் ஒட்டுப்பசை விட்டுவிடும். செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து நிழலில், காற்றோட்டத்தில் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தாளை மாற்றினால் மறுநாள் மாலைக்குள் காய்ந்துவிடும். கார் டிக்கியில் ஈரத்தோடு மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று மூக்கு சொல்லும்.

வெளிநாட்டிலிருந்து பூட்ஸோடு திரும்பினால் பயணி அறிவிப்புப் படிவத்தில் மீன்பிடிச் சாமான் இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். சொல்லாமல் மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம். நான் எழுதியிருந்தேன். அதிகாரி அம்மா பூட்ஸைத் தலைகீழாகத் தட்டினார், ஒன்றும் விழவில்லை. பெருமையாக நின்றேன். அடுத்து நாக்கின் மடிப்புக்குள் விரலை விட்டு, காய்ந்த புல் ஒன்றை உருவி என் கண் முன்னால் பிடித்தார். உள்ளே கொண்டுபோய்க் கழுவித் தந்தார்கள், காசு வாங்கவில்லை. ஈரம் சொட்டச் சொட்டத் திரும்பி வந்த பூட்ஸைப் போட்டுக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் பையும் கொடுத்தார்.